பிரஷ்ஷை மாற்றினால் நிற்காது, ராசா

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். பேத்திக்குச் சளி விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை போனில், பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, பிரஷ் முரடாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று போகிற போக்கில் சொன்னாய். உனக்கும் சுகர் இருக்கிறதே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேன்" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நானும் பிரஷ்ஷைத்தான் மாற்றினேன். சுகர் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், கிராம்புத் தைலம் தடவினேன். வலியே இல்லை. வலித்திருந்தால் உடனே டாக்டரிடம் ஓடியிருப்பேன். ஒரு தீபாவளிக்கு முறுக்கைக் கடித்தபோது கடைவாய்ப் பல் ஆடியது. இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். அந்தப் புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அப்போது உனக்குப் பரீட்சை நேரம், உன்னிடம் சொல்லவில்லை.

பிறகு நான் போன பல் டாக்டரம்மாதான் பொறுமையாக விளக்கினார். ஈறு முழுக்கத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. ரத்த அணுக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால், அது குழாய்ச் சுவரின் புரதத்தில் ஒட்டி, சுவர் தடித்துப்போகிறது. பிராணவாயுவும் சத்தும் ஈறுக்குச் சரியாகப் போவதில்லை, கழிவும் சரியாகத் திரும்புவதில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடியும் நம் கடைமடை வயல் காய்ந்து கிடந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். அதே கதைதான். கிருமி எல்லோர் வாயிலும் உண்டு. அதை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் நேரத்துக்கு வந்து சேராததால், சுகர் உள்ள நமக்கு மற்றவர்களைவிடச் சுலபமாக ஈறு வீங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு வரை கரைகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. கண், கிட்னி, நரம்பு, பெரிய ரத்தக் குழாய், ஆறாத புண் இவற்றோடு ஈறு நோயையும் சேர்த்து, சுகரின் ஆறாவது பாதிப்பு என்று ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் 1993-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் சுகருக்காக மாதாமாதம் போன இடத்தில் ஒருவரும் என்னை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொன்று கேள். ஈறு புண்ணாகவே இருந்தால் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சுகரும் லேசில் இறங்காது. ஈறுக்கு ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் மூன்று மாத சராசரி சுகரைச் சதவீதத்தில் காட்டும் டெஸ்டில் (HbA1c) சுமார் 0.4 புள்ளி குறைகிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மாத்திரையைக் கூட்டும் முன் இதைப் பார்த்துவிடு.

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றாய். எப்போதாவது ஒன்று என்றாலும் வேண்டாம் ராசா. புகை ஈறில் ரத்தம் வருவதையே குறைத்துக் காட்டும், உள்ளே நோய் வளர்வது வெளியே தெரியாது. அதனால் ரத்தம் தானாக நின்றுவிட்டாலும் போகாமல் இருந்துவிடாதே.

காலையிலேயே போ. சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு போ, வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழாதே. சுகர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடு, கடைசி டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோ. பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கிற ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று உன் மாமா சொல்வதைக் கேட்காதே. காரை எடுத்தபின் கொஞ்ச நாள் கூசும், அவ்வளவுதான்.

அப்படியே கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல். அங்கே இருப்பதும் இதே மெல்லிய குழாய்கள்தான்.

எந்தக் கிழமை போகிறாய் என்று மட்டும் வியாழக்கிழமைக்குள் சொல். டாக்டர் எழுதித் தரும் சீட்டைப் படம் எடுத்து அப்பா போனுக்கு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா