லோங் அடிகளார் காலத்து இடாப்புகளை லமினேற் செய்யாதீர்கள்

ஐயா,

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக 1936 முதல் 1954 வரை இருந்த லோங் அடிகளாரைப் பற்றி யார் எழுதத் தொடங்கினாலும், இரண்டாம் பந்தியிலேயே பேனை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போய்விடுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. மேயர் சாம் சபாபதி காலத்து நூலகக் குழுவில் முன்னின்று உழைத்தவர் அவர். 1954 மார்ச் 29இல் அடிக்கல் நாட்டியவர்களில் ஒருவர். 1959 ஒக்ரோபர் 11இல் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது.

ஆனால் அயர்லாந்திலிருந்து வந்த இந்த அமலமரித் தியாகிகள் சபைக் குரு பதினெட்டு வருடமாக அன்றாடம் செய்த வேலை பள்ளிக்கூடம் நடத்துவது. அதைப் பற்றி நினைவுக் கட்டுரைகளில் கிடைப்பது "கண்டிப்பானவர், கனிவானவர்" என்ற இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லை எந்தப் பள்ளியின் எந்த அதிபருக்கும் ஒட்டலாம்.

மிச்சம் எங்கே என்றால், இடாப்புகளில், அதாவது பள்ளிப் பதிவேடுகளில். பிரித்தானியர் காலத்து உதவிபெறும் பாடசாலைகளில் பொதுவாக நாலு வகைப் புத்தகம் இருந்தன: சேர்வு இடாப்பு, வரவு இடாப்பு, சம்பவத்திரட்டுப் புத்தகம், காசேடு. சேர்வு இடாப்பில் பிள்ளையின் பெயரும் இலக்கமும் மட்டுமல்ல, தகப்பனின் தொழில், சமயம், முன்பு படித்த பள்ளி, விலகிய திகதி, விலகிய காரணம் எல்லாம் நிரல் நிரலாக இருக்கும். ஒரு கத்தோலிக்கக் கல்லூரி சைவப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் கதவு திறந்தது என்று ஊகித்து எழுதத் தேவையில்லை; சமய நிரலை வருடம் வருடமாகக் கூட்டிப் பார்த்தால் போதும். இலவசக் கல்வி 1945 ஒக்ரோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் சேர்வதா, தனித்து நிற்பதா என்று மதப் பள்ளிகள் தனித்தனியே தீர்மானித்தன. ஒரு பள்ளி எந்த மாதம் தீர்மானித்தது என்பதைக் காசேட்டில் கட்டண நிரல் வெறுமையாகும் பக்கம் காட்டிக்கொடுக்கும். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானியரின் குண்டு விழுந்த பிறகு தவணை நடுவில் வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சேர்வு இடாப்பில்தான் பார்க்க வேண்டும்.

எண்ணும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். விலகிப் போய்த் திரும்பி வந்த பிள்ளைக்குப் புது இலக்கம் போட்டிருப்பார்கள். இலக்கத்தை மட்டும் எண்ணினால் ஒருவர் இருவராவார். அடுத்தது எழுத்துக்கூட்டு. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுதுவினைஞர் மாறும்போது கந்தையாவின் எழுத்தும் மாறும். ஆகவே பெயரோடு தகப்பன் பெயரையும் பிறந்த திகதியையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

இந்தக் கடிதம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் வேறு. பழைய கல்லூரிகளில் ஆண்டு விழா வருகிறது என்றதும் பழைய மாணவர் யாராவது நல்ல மனதோடு இடாப்பின் தாள்களைக் கழற்றி லமினேற் செய்யக் கொடுக்கிறார்கள். கறையானை விட இது மோசம். கறையான் தின்றது போக மிச்சமாவது தாளாக இருக்கும். லமினேற் செய்யும்போது சூட்டில் உருகும் பிளாஸ்ரிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடும்; பிறகு பிரிக்க வழியில்லை. தாளில் இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

அந்த அமிலத்துக்கு ஒரு மூலம் மை. கடுக்காய் போன்றவற்றின் துவர்ச்சத்தும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய எழுத்து மை முதலில் கறுப்பாக இருந்து பிறகு மண்ணிறமாகும். ஈரம் பட்டால் எழுத்து நின்ற இடத்தைத் தின்னும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் "ஓ" என்ற ஆங்கில எழுத்தின் நடுப்பகுதி கழன்று விழுந்து ஓட்டையாகத் தெரியும் பக்கங்கள் உண்டு. அப்படிப்பட்ட பக்கத்தில் தண்ணீரோ தண்ணீர்ப் பசையோ பட்டால் மை பரந்து சுற்றிலும் மஞ்சள் வளையம் விழும். செலோரேப் ஒட்டினால் சில வருடத்தில் பட்டி காய்ந்து உதிரும், பசை மட்டும் பழுப்பாகத் தாளில் தங்கும்.

கிழிசலை ஒட்டத்தான் வேண்டுமென்றால் எழுத்தில்லாத ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். கோதுமை மாவில் பசை காய்ச்சாதீர்கள், அதிலுள்ள புரதம் பூச்சிக்கு விருந்து. புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு. சிறு நெருப்பில் கை ஓயாமல் கிண்டி அரை மணித்தியாலம் காய்ச்சி, ஆறவைத்து வடித்து, பாலாடைப் பதத்துக்கு இளக்க வேண்டும். ஒட்டுவதற்கு மெல்லிய ஜப்பானியத் தாள். அதை வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கிழித்தால் ஓரத்து நார் பழைய தாளோடு கலந்து நிற்கும். எழுத்தின் மேல் ஒட்ட வேண்டி வந்தால் கைவைக்காமல் பேணல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வெள்ளிப்பூச்சியும் புழுவும் உள்ள புத்தகத்தை வெயிலில் காயப்போடுவது நம்மவர் வழக்கம். தாள் மொரமொரப்பாகி மடிப்பில் முறியும். பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, சுழியத்துக்குக் கீழ் 20 பாகை குளிர் தரும் உறைபெட்டியில் ஒரு கிழமை வையுங்கள். எடுத்த பிறகு 24 மணித்தியாலம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும், பூச்சி போய்ப் பூஞ்சணம் வரும். நப்தலீன் உருண்டை பூஞ்சணத்துக்கு ஒன்றும் செய்யாது. இடாப்பைப் புரட்டுபவருக்குத் தலையிடி மட்டும் தரும்.

படம் எடுப்பதிலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஃபுல்ஸ்கப் பக்கம் 8 அங்குலம் அகலம், 13 அங்குலம் உயரம். 12 மெகாபிக்சல் கைத்தொலைபேசியில் ஒரு பக்கத்தைச் சட்டம் நிறைய எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கும். விரித்த இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் 230க்கு இறங்கிவிடும். பென்சிலில் எழுதிய குறிப்பு மங்கிப் போகும். வெளிச்சம் இரு பக்கத்திலிருந்தும் 45 பாகையில் விழ வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம். அட்டை, வெற்றுப் பக்கம், இடையில் செருகிய துண்டு எதையும் விடாமல் வரிசையாக எடுக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தை விட்டால் பிறகு வருபவர் பக்கம் காணாமற்போனதா, தவறவிட்டதா என்று தடுமாறுவார். 1981 மே 31 இரவு தொடங்கிய பொது நூலக எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களைப் பறிகொடுத்த ஊர் இது. எடுத்த படங்களை ஒரே கணினியில் வைத்திருக்கக் கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு பிரதி பள்ளியில், இன்னொன்று வேறு ஊரில். உயிரோடிருப்பவர்களின் விபரம் உள்ள பக்கங்களைப் பொதுவில் போடாதிருப்பதும் பள்ளியின் பொறுப்பு.

சிறப்பு மலர் போடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். லோங் அடிகளாரைப் பற்றியோ, அவர் போன்ற வேறு குரு அதிபர்களைப் பற்றியோ எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே எந்த இடாப்பு, எந்தப் பக்கம் என்று சின்ன எழுத்தில் போடுங்கள். ஓட்டையான பக்கமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மாரி ஒக்ரோபரில் தொடங்கிவிடும். அதற்குள் படமெடுத்து முடியாவிட்டாலும் பரவாயில்லை. இடாப்புப் பெட்டிகளை நிலத்திலிருந்து அரை அடி உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி இடாப்புகளில் வேலை செய்யும் இருவர்,
யாழ்ப்பாணம்.