அழாத பிள்ள

மக்ளே,

அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் கொறஞ்சிருக்கு, அல்வா டப்பாவ ஒளிச்சி வச்சிருக்கேன். கல்லிடைக்குறிச்சி அப்பளம் ரெண்டு கட்டு வாங்கிருக்கேன், பெங்களூர் வார ஆள் யாரும் இருந்தா குடுத்து விடுதேன். நேரத்துக்கு சாப்பிடு.

போன வாரம் சொன்னல்லா, கிரெச்ல விட்டா பாப்பா அழவே மாட்டேங்கா, சாயந்தரம் கூப்பிடப் போனாலும் திரும்பிப் பாக்காம பொம்மைய வச்சிட்டு இருக்கான்னு. எனக்கு பெருமையாத்தான் இருந்துச்சு, ஆனா அன்னைக்கு தூக்கம் வரல, ராத்திரி பூரா போன்ல வாசிச்சிட்டுக் கெடந்தேன். மேரி எய்ன்ஸ்வொர்த்துன்னு ஒரு அம்மா அமெரிக்கால பால்டிமோர்ல ஒரு வயசுப் பிள்ளைகள ஒரு ரூம்ல வச்சி, பெத்தவள 3 நிமிஷம் வெளிய அனுப்பிட்டு, அவ திரும்பி வந்ததும் பிள்ள என்ன செய்யுதுன்னு பாத்திருக்காவ. சிலது அழுது ஓடி வந்து ஒட்டிக்கும், தூக்கினா அடங்கிரும். சிலது அழாது, அம்மா வந்ததயே கண்டுக்காது. பின்னால வந்தவங்க அந்த அழாத பிள்ளைகளுக்கும் நெஞ்சுத் துடிப்ப அளந்து பாத்தா, அதுவும் வேகமாத்தான் அடிச்சிருக்கு.

பாப்பாவச் சொல்லல. அவதான் வீட்ல ஒன் காலயே சுத்திக்கிட்டு கெடக்காளே. வேலைய விட்றாத. கூப்பிடப் போனா போனை பைல போட்டுட்டு பக்கத்துல தரைல உக்காரு, அவளா வரட்டும்.

நான் பி.எட்.ல, பிள்ளைக எப்படி யோசிக்கும்னு ஆராய்ச்சி பண்ணின பியாஜேயப் பத்தி எழுதி மார்க் வாங்கினவ. 8 மாச வாக்குல பிள்ள மறைச்ச பொருளத் தேடும், கண்ணுல இல்லாட்டியும் அது எங்கயோ இருக்குன்னு அதுக்குத் தெரியும்னு. 9 மாசத்துல ஒன்ன ஆச்சிகிட்ட விட்டுட்டு சங்கரன்கோவில் பக்கம் வேலைக்குப் போனேன். சனிக்கிழம அம்பாசமுத்திரத்துல பஸ் எறங்கி ஓடி வந்தா நீ திண்ணைல சொளகுல கெடக்க உளுந்த அள்ளி அள்ளிப் போட்டுட்டு இருப்ப. ஒரு தடவ நிமிந்து பாப்ப, மறுபடி உளுந்து. 'தங்கம், அழவே மாட்டா'ம்பா ஆச்சி. நானும் நம்பிட்டேன், நம்பினா எனக்கு லேசா இருந்துச்சுல்லா.

3 வயசுக்கு முந்தினது பெரியாளானா நெனவுல நிக்காதுன்னு இத்தன வருஷம் அதயே பிடிச்சிட்டு இருந்தேன். நடந்தது மறந்துரும் சரி, பழகினது மறக்காது போல. சைக்கிள்ல விழுந்து முட்டி பேந்தப்பவும் நீ ஆச்சிகிட்டதான் போன. இப்பவும் எது கேட்டாலும் 'ஒண்ணுமில்லம்மா'ங்க.

வீடியோ கால்ல மாப்பிள்ளையக் கண்டு ஒரு மாசமாச்சு. நான் ஒண்ணும் கேக்கல.

அப்பளத்துக்கு ஆள் கெடைக்கல. நாகர்கோவில் ட்ரெயின்ல எனக்கு டிக்கெட் பாக்கச் சொல்லிருக்கேன், வேண்டாம்னு சொல்லிராத. நேரத்துக்கு சாப்பிடுட்டி.

அம்மா