குவாச்சியும் காட்மியமும்

ஆசிரியருக்கு,

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலும் சௌராஸ்தா சந்தையிலும் உலர்பழங்களும் பருப்பு வகைகளும் கிலோ கணக்கில் நிறுத்துத் தரப்படுகின்றன. விலை கேட்கிறோம், எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்பதில்லை. ஆனால் அவற்றில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருப்பது பெரும்பாலும் விளைந்த மண்ணைப் பொறுத்தது.

உலர்திராட்சையைக் கழுவினால் ஈயம் கலந்த மேல்தூசி ஓரளவு போகும். ஒரு கிலோ உலர்திராட்சைக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பச்சைத் திராட்சை தேவை. தண்ணீர்தான் வற்றுகிறது, பழத்துக்குள் இருக்கும் உலோகம் அப்படியே தங்குகிறது.

குவாச்சி, அதாவது கொறிக்கும் சூரியகாந்தி விதை, வேறு கதை. சூரியகாந்திச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை உறிஞ்சிப் பருப்பிலேயே சேர்த்துவைக்கும். பாஸ்பேட் உரம் அதிகம் போட்ட நிலத்திலும் அமில மண்ணிலும் இது கூடும். கழுவினாலும் வறுத்தாலும் போகாது. ஆளி விதையும் இந்த ரகமே. 'சத்து' என்று கரண்டி கரண்டியாக அள்ளுவோர் கவனிக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டுக்கும் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் காட்மியம் வரை அனுமதிக்கிறது. அந்த உச்ச அளவுள்ள குவாச்சிப் பருப்பைத் தினம் 30 கிராம் தின்றால் வாரத்துக்கு 105 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வார வரம்பே 150தான்; சோறு, கீரையில் வருவது தனி. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். இரும்புச்சத்து குறைந்த பெண்களின் உடல் அதை இன்னும் அதிகமாக ஏற்கும்.

தினசரி ஒரே விதையை உண்ணாமல் பாதாம், முந்திரி என்று மாற்றிக்கொள்ளலாம். சில்லறையாக நிறுத்து விற்கும் கடைகளும் விளைந்த நாட்டின் பெயரை டப்பாவில் எழுதி ஒட்ட வேண்டும். மூட்டையில் இருக்கும் பெயரை எடுத்தெழுத என்ன செலவு?

வாசகர்கள் சிலர்,
பினாங்கு