வெள்ளவத்தை வீட்டுக்குள் ஒரு ஹெலி

அன்புள்ள மகனுக்கு,

அக்காவின் சின்னவனுக்கு நீ அனுப்பிய விளையாட்டு ஹெலிகொப்டர் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. புலமைப்பரிசில் சோதனை முடியும்வரை அவன் அதைத் தொடக்கூடாது என்று அக்கா சட்டம் போட்டு, இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டாள். அது ஏன் அலுமாரிக்குள் சும்மா கிடக்க வேண்டும் என்று நானே பழகத் தொடங்கினேன். சிரிக்காதே. இவ்வளவு காலம் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு இது வராதா?

பகலில் அது சொல் கேட்பதில்லை. ரிவி ரிமோட்டில் வருகிற அதே அகச்சிவப்புக் கதிர்தான் இதிலும், அதனால் யன்னல் வெயில் பட்டால் தடுமாறுகிறது. விளக்கு வைத்த பிறகுதான் எடுப்பேன். மரீன் டிரைவ் காற்று வராமல் யன்னலைச் சாத்தி, ஃபானையும் நிறுத்தினால் வேர்த்து ஊற்றுகிறது. அப்பா பல்கனிக்குப் போய்விடுவார். ஹெலிச் சத்தம் அவருக்கு ஆகாது, உனக்குத் தெரியும்தானே. ஆனால் நேற்றுக் கதவடியில் நின்று பார்த்தார்.

மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறி. ஒன்று வலஞ்சுழியாகச் சுற்ற மற்றது இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஒன்று மட்டும் இருந்தால் மறுதாக்கத்தில் உடம்பு எதிர்ப்பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும். வாலில் உள்ள குட்டி விசிறி முன்னே பின்னே போகத்தான். மேல் விசிறி இரண்டின் வேகமும் கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கிவிடும். அதைத் திருத்த ரிமோட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. மயிரிழை திருப்பினால் போதும். நான் முதலில் ஒரேயடியாகத் திருப்பி, அது போய் ஷோகேஸ் கண்ணாடியில் மோதியது. கண்ணாடிக்கு ஒன்றுமில்லை, கனடாவில் உன் மார்க்கம் வீட்டுப் படம்தான் சரிந்து விழுந்தது. எடுத்து வைத்துவிட்டேன்.

நிலத்தோடு ஒட்டிப் பறக்க விட்டால் தன் காற்றிலேயே தான் ஆடுகிறது. துணிந்து மூன்றடி எழுப்பினால் அடங்கி நிற்கிறது. மூக்கு என்னைப் பார்த்துத் திரும்பினால் இடமும் வலமும் மாறிப்போகும், அதில்தான் இன்னும் தடக்குப்படுகிறேன். விழப்போகிறது என்று தெரிந்தால் உடனே விசையை முழுக்கக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பல்சில்லு தேய்ந்துவிடும் என்று சின்னவன் ரெலிபோனில் எனக்கு வகுப்பு எடுக்கிறான். அப்படியே உன் குரல். நீயும் அந்த வயதில் என்னை இப்படித்தான் வெருட்டுவாய்.

ஆறேழு நிமிஷம் பறந்தால் பற்றரி முடிந்துவிடும். பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் சார்ஜ். அதுவும் சூட்டோடு போடக்கூடாது, ஆறவிட்டுத்தான் போட வேண்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வேலையால் வந்து பாணும் தேத்தண்ணியுமாக முடித்துவிடாதே. சோறு ஆக்க ஆளில்லாவிட்டாலும் நீ சமைக்கத் தெரிந்த பிள்ளை.

பெட்டியின் மேல் விலாசம் வேறாக இருந்தது. ஸ்காபரோ, ஏதோ அபார்ட்மென்ட் இலக்கம். அனுப்பினவர் என்று உன் பெயர் மட்டும். கடையிலிருந்து நேராக வந்திருக்கும் என்று அப்பாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பினமாதிரித்தான் இருக்கிறார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, அந்த ‘ர’வுக்கு எத்தனை தரம் கொப்பியில் அடித்து எழுதியிருப்பேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டீல்ஸ் றோட்டைத் தாண்டினால் ஸ்காபரோ என்று நீதான் படம் காட்டினாய், தூரமில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பழையதுதானே? மருமகள் ஒவ்வொரு வெள்ளியும் ரெலிபோன் எடுப்பவள், தைப்பொங்கலுக்குப் பிறகு எடுக்கவில்லை. வேலை கூடவாக்கும். நீ எடுத்தாலும் கமெராவை நிறுத்திவிட்டுத்தான் கதைக்கிறாய். வெளிச்சம் போதாது என்கிறாய். கனடாவில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெளிச்சம் இல்லையா மகன்? உன்னைப் பற்றி இந்த ஒழுங்கை முழுக்கப் பெருமை பேசித் திரிகிறவள் நான். எதிர்வீட்டு அன்ரி கேட்டால் சொல்ல எனக்கும் ஏதாவது வேண்டும்.

அவளும் நல்ல பிள்ளை. அதை மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

சின்னவனுக்குச் சோதனை முடிந்தால் ஹெலியைக் கொடுத்துவிடுவேன், ஒரு சோடி மேலதிக விசிறி கிடைத்தால் அனுப்பு. ஒன்றின் நுனி என்னால் வெடித்துப் போனது, அவனுக்குச் சொல்லவில்லை.

மிளகாய்த்தூள் திரித்து வைத்திருக்கிறேன், ஒடியல்மாவும் இருக்கிறது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எழுதிவிடு. இரண்டு பார்சலாகப் போட வேண்டுமென்றாலும் போடலாம், தபால் காசு ஒரு பிரச்சினையில்லை.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை, கொழும்பு 06