ஆறு சக்கர வண்டியும் ஐப்பசி ஈரமும்

அன்புள்ள முரளி,

நலம்தானே? உன் கடிதமும், நீ செய்த டாங்கி மாடல்களின் படங்களும் வந்து சேர்ந்தன. சேறு அப்பிய அந்த டைகர் டாங்கியை உன் தங்கச்சியிடம் காட்டினேன். "அண்ணன் இதைக் கழுவவே மாட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். பையனுக்குப் புனேக்கு மாற்றல். அவன் அறை காலியானதில் எனக்குத்தான் லாபம். மேசை, விளக்கு, கம்ப்ரசர் எல்லாம் அங்கே குடியேறிவிட்டன.

கார் மாடல் என்றால் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை என்று எழுதியிருக்கிறாய். வம்புக்கு இழுக்கிறாய் என்று தெரிகிறது, இருந்தாலும் பதில் சொல்லாமல் விட முடியவில்லை. டாங்கியில் இரண்டு பாகம் சேருமிடம் பிசகினால் மேலே சேறு பூசலாம், துரு வைக்கலாம், ஒரு தார்ப்பாயைச் சுருட்டி வைத்து மறைக்கலாம். காரில் அந்த வசதி கிடையாது. உப்புத்தாள் கீறல், பட்டி அமுங்கிய இடம், அச்சு வார்ப்புக் கோடு என்று எல்லாவற்றையும் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர்ப் பட்டறையில் பட்டி, டிங்கரிங் பார்க்கிறவரைக் கேள், அவரும் இதைத்தான் சொல்வார்.

இப்போது மேசையில் இருப்பது டிரெல் பி34 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் காரின் மாடல். ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் யாரோ கொண்டுவந்த பத்திரிகையில் அந்த ஆறு சக்கரக் காரைப் பார்த்து, படத்தை ஒட்டு வேலை செய்திருக்கிறார்கள் என்று நீ சாதித்தாய். டெரெக் கார்ட்னர் வடிவமைத்து 1976-இல் பந்தயத்துக்கு வந்த வண்டி. அன்றைய விதிப்படி முன்மூக்கு ஒன்றரை மீட்டர் அகலம் வரை இருக்கலாம். வழக்கமான முன்டயர் அந்த மூக்குக்கு மேலே துருத்திக்கொண்டு காற்றை வாங்கும். சக்கரத்தைச் சின்னதாக்கி மூக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டால் முன்பக்கம் சுத்தமாக இருக்கும். சின்ன டயரில் குறைகிற பிடிப்பை, பக்கத்துக்கு இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டலாம். அந்த வருடம் ஸ்வீடன் பந்தயத்தில் இந்த வண்டியை ஓட்டி ஜோடி ஷெக்டர் முதலிடம், பாட்ரிக் தெபாயே இரண்டாமிடம். அதோடு சரி, வேறு வெற்றி இல்லை. மற்ற அணிகளின் பெரிய டயர் பந்தயத்துக்குப் பந்தயம் மேம்பட்டது. ஒரே ஓர் அணிக்கான குட்டி டயர் பின்தங்கிவிட்டது. 1977-ஓடு வண்டியை மூட்டை கட்டினார்கள். யோசனையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை, டயர்தான் காலை வாரியது.

டமியா என்ற ஜப்பான் மாடல் கம்பெனியின் 1/20 (நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு) ஃபார்முலா ஒன் வரிசையில் முதல் எண் இந்த வண்டிக்குத்தான். நான் வாங்கியது பிற்பாடு வந்த ஜப்பான் பந்தய வடிவம். 1976-இல் ஃபூஜி தடத்தில் ஓடியபோது டிரெல் என்ற பெயரை ஹிராகானா எழுத்தில் வண்டிமேல் போட்டிருந்தார்கள். அதுவும் டீகாலில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கரில் இருக்கிறது. நிஜ வண்டியின் முன்சக்கரம், டயர் நீங்கலாக, 10 அங்குலம் என்றால் மாடலில் அரை அங்குலம், அப்படி நான்கு. ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் சின்ன ஜன்னல் வேறு. குட்டிச் சக்கரங்கள் அவர் கண்ணில் படட்டும் என்று வைத்தது. இந்தக் கண்ணாடித் துண்டுகளுக்கு மட்டும் ஃபெவிகால்தான். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும்.

பெயின்ட் எப்படி அடிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். முதலில் ஒரு கணக்கு. நிஜக் காரின் பெயின்ட் எல்லாப் பூச்சும் சேர்த்துச் சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம். அதே கனத்தை 1/20 மாடலில் பூசினால் நிஜ அளவுக்கு 2 மில்லிமீட்டர். கதவு இடுக்கு, மூடியின் விளிம்பு எல்லாம் தூர்ந்துபோகும். அதனால் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்கு முன்பே இடுக்குகளை ஊசி முனையால் ஆழப்படுத்திவிடுவேன். லாக்கர் பெயின்ட்டைத் தின்னரில் நன்றாக இளக்கி, மெல்லிசாகப் பல தடவை அடிப்பேன். கார் டச்-அப் கடையில் விற்கிற மெட்டாலிக் பெயின்ட்டைத் தொடவே மாட்டேன். அதிலிருக்கும் மினுக்குத் தூள் இந்த அளவு வண்டியில் ஜல்லி கொட்டியதுபோல் தெரியும். மேலே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சை அடித்து, நன்றாகக் காயவிட்டு, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை. விளிம்புகளில் கை வைக்காதே, பெயின்ட் அங்கேதான் முதலில் போகும்.

கடைசியாக எனாமல் கறுப்பைத் தண்ணியாக இளக்கி இடுக்குகளில் ஓட விடுவது. வழிந்ததை எனாமல் தின்னரால் துடைத்துவிடலாம், அடியிலிருக்கும் லாக்கர் அசையாது. உன் டாங்கிக்கும் இதே வித்தைதானே.

உனக்குச் சிங்கப்பூரில் ஏசி அறை. எனக்கு எதிரி சென்னைக் காற்று. தின்னர் ஆவியாகும்போது பெயின்ட்டின் மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. அடைமழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். ரிடார்டர் கலந்தால் தின்னர் மெதுவாகப் போகும், பூப்பது குறையும். கம்ப்ரசர் குழாயில் நீர்ப்பிடிப்பானும் வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் தண்ணீர் துப்பும். இத்தனையும் செய்தாலும் ஐப்பசி கார்த்திகையில் லாக்கரைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். தை பிறந்த பிறகு, வெயில் ஏறின முற்பகல்தான் அதற்கு நேரம்.

எனவே இப்போது இன்ஜின் வேலை நடக்கிறது. நிஜ வண்டியில் இருந்தது காஸ்வொர்த் டிஎஃப்வி என்ற இன்ஜின், எட்டு சிலிண்டர். ஸ்பார்க் பிளக் வயர் கிட்டில் வராது. மோட்டார் காயில் கட்டும் கடையில் 28 கேஜ் செம்புக் கம்பி கேட்டு வாங்கினேன். அதன் கனம் 0.38 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, நிஜத்தில் ஏழரை மில்லிமீட்டர் வயருக்குச் சரியாகப் பொருந்துகிறது. கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்றார். ஒரு முழம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காசே வாங்கவில்லை.

பொங்கலுக்கு வருகிறாய் என்றால் இரண்டு சாமான் கொண்டுவா. டீகால் மிருதுவாக்கும் திரவம் ஒரு சின்ன பாட்டில், பாகங்களை வெட்டி எடுக்க ஒரு நல்ல நிப்பர். நிப்பரைக் கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். லாக்கர் பெயின்ட் வேண்டவே வேண்டாம். தீப்பற்றும் சரக்கை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், இங்கேயே வாங்கிக்கொள்கிறேன். வரும்போது உன் டாங்கி ஒன்றையும் எடுத்து வா, சேற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

மாலதியையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்