கரையிறக்கத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கடற்படை பற்றிய கட்டுரை, ஏவுகணையும் டிரோனும் வந்துவிட்டதால் கரையிறங்கும் படைக்குக் கப்பல் பீரங்கியின் துணை இனித் தேவைப்படாது என்று முடித்திருந்தது. பாதி சரி. 1982 ஜூன் 12இல் ஃபாக்லாந்துத் தீவுக் கரையில் பீரங்கி வேலையை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் கிளாமர்கன் கப்பலை, அர்ஜென்டினப் படை தரையிலிருந்து ஏவிய எக்சோசெட் ஏவுகணை தாக்கி 14 மாலுமிகள் இறந்தார்கள். கரையை நெருங்குவது ஆபத்து என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கட்டுரையாளர் துல்லியத்தைப் பார்த்த அளவுக்கு நேரத்தைப் பார்க்கவில்லை.

கப்பல் பீரங்கியால் எல்லாப் பதுங்குகுழியையும் உடைக்க முடியாது. படகுகள் மணலைத் தொடும்வரை எதிரியை இயந்திரத் துப்பாக்கியிடம் போகவிடாமல் அமுக்கி வைத்தாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது. 1943 நவம்பரில், பசிபிக் கடலில் ஜப்பானியர் வசமிருந்த தாராவாவின் பெத்தியோ தீவு மீது அமெரிக்கப் படையின் சுமார் 3,000 டன் குண்டுகள் விழுந்தன. புகையில் எதுவும் தெரியாததால் காலை 8.55க்குப் பெரிய கப்பல்கள் சுடுவதை நிறுத்தின. நீரிலும் நிலத்திலும் ஓடும் முதல் வண்டிகள் கரையேறியபோது மணி 9.10 ஆகிவிட்டது. இடைப்பட்ட நேரத்தில், உப்பங்கழிக்குள் நுழைந்திருந்த இரண்டு நாசகாரிக் கப்பல்கள் மட்டுமே சுட்டுக்கொண்டிருந்தன. ஜப்பானியர் மீண்டும் துப்பாக்கியைப் பிடிக்க அந்தக் கால் மணி நேரம் தாராளம். கிட்டத்திலிருந்து தட்டையான பாதையில் வந்த குண்டுகள் தென்னங்கட்டையும் பவள மணலும் மூடிய அரண்களில் பட்டுத் தெறித்துப் போனது இன்னொரு குறை. 76 மணி நேரச் சண்டையில் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர்கள் மாண்டார்கள். அதன்பிறகுதான் ஹவாயின் கஹூலாவே தீவில் அதே மாதிரி அரண்களைக் கட்டி, அவற்றைச் சுட்டுப் பழகிய கப்பல்களை முன்னால் அனுப்பினார்கள்.

கப்பல் பீரங்கியின் சிதறல் நீளவாக்கில் இருக்கும். குண்டுகள் இடவலமாக அதிகம் விலகாது, முன்பின்னாகத்தான் விலகும். ஆகவே நம் படையின் தலைக்கு மேலாகச் சுடுவதைவிட, கப்பலைப் பக்கவாட்டில் நிறுத்தி, படை வரிசைக்கு இணையாகச் சுடுவது நல்லது. தரைப் பீரங்கிக்கு 600 மீட்டருக்குள் நம் ஆள் இருந்தால் 'ஆபத்தான நெருக்கம்' என்பார்கள். ஐந்து அங்குலக் கப்பல் பீரங்கிக்கு அந்த எல்லை 750 மீட்டர், அதைவிடப் பெரியதற்கு 1,000. அப்படியானால் கடைசி 750 மீட்டருக்கு யார் சுடுவது? இரண்டாம் உலகப் போரில் ராக்கெட் படகுகள் அந்த இடைவெளியை நிரப்பின. இன்று பல நாடுகளின் திட்டங்களில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

கணக்கையும் பார்க்கலாம். அமெரிக்க நாசகாரியின் 127 மி.மீ. (ஐந்து அங்குல) பீரங்கிக்குக் குண்டு ஊட்டும் சுழலியில் தயார் நிலையில் 20 குண்டுகள் இருக்கும். முழு வேகத்தில் சுட்டால் ஒரு நிமிடத்தில் அது காலி. பிறகு கீழிருந்து ஆட்கள் ஊட்ட வேண்டும். கப்பலில் மொத்தம் சுமார் 600 குண்டுகள். நிமிடத்துக்குப் பத்து என்று போனால் ஒரு மணி நேரம்தான். இதற்கு மாற்றாக அமெரிக்காவின் சும்வால்ட் ரகப் போர்க்கப்பலுக்கென உருவாக்கிய தொலைதூர வழிகாட்டுக் குண்டு ஒன்றின் விலை சுமார் 8 லட்சம் டாலர் என்று ஏறியதும், 2016இல் அதை வாங்கும் திட்டத்தையே கைவிட்டார்கள். எதிரியைத் தலைதூக்க விடாமல் வைக்க நிமிடத்துக்கு இத்தனை என்று குண்டு விழவேண்டும். அந்த விலையில் யாரால் கட்டுப்படியாகும்?

நம் சிலாங்கூர் கரைக்கு வருவோம். 1945 செப்டம்பர் 9இல் இந்தியப் படையணிகள் மோரிப்பில் இறங்கியபோது ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்தது, எதிர்ப்பே இல்லை. அப்படியும் வண்டிகள் சேற்றில் சிக்கின. அந்தப் படையெடுப்புக்குப் பக்கபலமாக பிரிட்டனின் நெல்சன், பிரான்சின் ரிஷ்லியூ என்ற பெரும் போர்க்கப்பல்கள் இருந்தன. மோரிப்பில் நீர் வற்றினால் சேறு எவ்வளவு தூரம் விரியும் என்பது குடும்பத்தோடு அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஆழமற்ற இக்கடலில் பெரிய கப்பல் தள்ளித்தான் நிற்க முடியும். தூரம் கூடக் கூடச் சிதறலும் கூடும். பட்டதும் வெடிக்கும் குண்டு சேற்றில் புதைந்து வெடித்தால் சிதறு துண்டுகளைச் சேறே விழுங்கிவிடும். நிலத்துக்குச் சில மீட்டர் மேலே வெடிக்கும் அண்மை உருகி (குண்டை வெடிக்கச் செய்யும் கருவி) பொருத்திய குண்டுதான் இங்கே உதவும். காங்கிரீட் அரணுக்கோ நேர்மாறாக, உள்ளே புகுந்தபின் வெடிக்கும் தாமத உருகி வேண்டும். இரண்டையும் எந்த விகிதத்தில் ஏற்றுவது என்பதைக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

நம் மலேசியக் கடற்படையின் மகாராஜா லேலா ரகக் கப்பலில் இருப்பது 57 மி.மீ. பீரங்கி. விமானத்தையும் சிறு படகையும் அடிக்க அது அருமையானது. ஆனால் அதன் குண்டு 2.4 கிலோ, 127 மி.மீ. குண்டோ 30 கிலோவுக்கு மேல். கெடா ரகக் கப்பல்களின் 76 மி.மீ. குண்டு சுமார் 6 கிலோ. 2009இல் லூமுட்டில் தீப்பிடித்துப் போன, படைகளைக் கரையிறக்கும் கப்பலான ஸ்ரீ இந்திராபுராவின் இடத்துக்குப் பல்நோக்கு ஆதரவுக் கப்பல்கள் வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வேண்டும்தான். அவற்றிலிருந்து இறங்கும் படைக்குத் துணையாகச் சுடப்போவது எந்தப் பீரங்கி என்பதையும் அதே கோப்பில் எழுதட்டும். புதுப் பீரங்கி வாங்கப் பணம் இல்லையென்றால், முதல் படகிலேயே போய், குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்லும் குண்டு நோக்குநருக்கும் கப்பலின் பீரங்கி அறைக்கும் ஒரே அலைவரிசையில் பேசும் வானொலியும், 'வலது 200, கூட்டு 400' (200 மீட்டர் வலப்புறமும் 400 மீட்டர் அப்பாலும் நகர்த்து) என்று திருத்தம் சொல்லிச் சுடும் கூட்டுப் பயிற்சியும் முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்