கயலுக்கு, அப்பாவின் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் பற்றி

பாபநாசம்
ஆடி 8

அன்புள்ள கயல்,

ஆபரேஷனில் எடுத்ததைப் பரிசோதித்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். "ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு அவரை அறுக்க விட்டே?" என்று கேட்டுவிட்டு அழுதாய். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு தூரத்தில் தனியாக உட்கார்ந்து அழுகிறாயே என்றுதான் எனக்கு ஆறவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கட்டுரைகளை எல்லாம் படித்தேன். முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவளுக்கு உடம்பின் உறுப்புகள் பழக்கம்தான். புள்ளிவிவரம்தான் கொஞ்சம் திணறவைத்தது. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் படித்து, பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். அது இப்போது என் மடியில்தான் இருக்கிறது.

போன தீபாவளிக்குப் பிறகு அப்பா சோறு நெஞ்சில் நிற்கிறது என்றார். இட்லி இறங்கியது, தோசை நின்றது. இங்கே பார்த்த டாக்டர் ஒருவர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார், மூன்று மாதம் போய்விட்டது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வராது. உணவுக்குழாய் 25 சென்டிமீட்டர் நீளம்தான், ஆனால் நன்றாக விரிந்துகொடுக்கும். உள்ளே கட்டி வளர்ந்து பாதிக்கு மேல் அடைத்த பிறகுதான் வெளியே தெரியும். இதை வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள் நான். வீட்டில் நடந்தபோது எனக்குத் தோன்றவில்லை.

தை மாதம் எண்டோஸ்கோபி பார்த்து, உணவுக்குழாய்ப் புற்றுநோய், அதில் செதிள் செல் வகை என்றார்கள். நம் பக்கம் அதிகம் வருவது இதுதான். மேல்நாட்டில் அதிகம் காண்பது சுரப்பி செல் வகை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்பாவை அதிகம் உடைத்தது வெற்றிலை. தாத்தா காலத்திலிருந்து நமக்கு வெற்றிலைக் கொடிக்கால். ஏப்ரலில் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பேப்பரில் வந்த அன்று, அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம், "நம்ம இலையா இதைச் செஞ்சது?" என்று கேட்டார். இலையைத் தனியாக யாரும் குற்றம் சொல்லவில்லை, கூடப் போட்ட பாக்கும் புகையிலையும்தான் என்றேன். புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவைதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004லேயே சொல்லியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று 2016ல் சேர்த்தார்கள். 65 டிகிரிக்கு மேல் சூடு என்று அளவும் சொன்னார்கள். அப்பா காப்பி குடிக்கும் சூடு உனக்குத் தெரியும். இப்போது டவராவில் நாலு ஆற்று ஆற்றித்தான் கொடுக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

சென்னையில் அப்பாவுக்கு முதலில் கொடுத்தது ஐந்து வாரம் கீமோ மருந்தும் கதிர்வீச்சும். இந்த முறைக்கு ஆதாரம் நெதர்லாந்தில் நடந்த கிராஸ் ஆய்வு. 2012ல் முதல் முடிவும், 2015ல் நீண்டகாலக் கணக்கும் வெளிவந்தன. ஒரு பாதிப் பேருக்கு நேரடியாக ஆபரேஷன், மறு பாதிக்கு முதலில் மருந்தும் கதிரும், பிறகு ஆபரேஷன். நம் அப்பாவுடைய செதிள் செல் வகைக்காரர்களில், நேரடியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 21 மாதத்துக்குள் போய்விட்டார்கள். மருந்துக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் அது 81 மாதம். இந்த வரியைப் படித்த ராத்திரி அப்பாவை எழுப்பிச் சொன்னேன்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. வெட்டி எடுத்ததைப் பரிசோதித்தபோது, செதிள் செல் வகையில் 49 சதவீதம் பேருக்கு உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. மருந்தும் கதிருமே எல்லாவற்றையும் அழித்திருந்தன. அப்படியானால் அந்தப் பாதிப் பேரை ஏன் அறுக்க வேண்டும் என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. நீ கேட்டதும் அதே கேள்விதான், கண்ணு. பெரிய பெரிய சர்ஜன்கள் பத்து வருடத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

நீ அனுப்பிய சானோ ஆய்வு அதற்குத்தான் நடந்தது. 12 ஆஸ்பத்திரிகள், 309 பேர். மருந்துக்குப் பிறகு எந்தப் பரிசோதனையிலும் நோய் தெரியாதவர்கள். ஒரு பகுதிக்கு ஆபரேஷன், இன்னொரு பகுதியை ஒன்றும் செய்யாமல் கண்காணித்து, நோய் திரும்பினால் மட்டும் ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்துக் கண்காணிப்பில் இருந்தவர்களில் 74 சதவீதம், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 71 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். ஆகவே காத்திருப்பது பாதகமில்லை. நீ சொன்னது சரி. அதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் அந்தக் கண்காணிப்பு எப்படி நடந்தது என்று பார். முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்டோஸ்கோபி, பெட் ஸ்கேன், உள்ளிருந்தபடியே அல்ட்ராசவுண்டு. பயாப்ஸியும், அதாவது சதையைக் கிள்ளி எடுத்துப் பார்ப்பதும், நாம் எடுத்த மாதிரி இல்லை. ஒரு முறை கிள்ளிய குழியிலேயே மறுபடி ஆழமாகக் கிள்ளி எடுக்கிறார்கள். ஏனென்றால் கதிர் பட்ட பிறகு மேல்தோல் ஆறி மூடிக்கொள்ளும், மிச்சம் இருந்தால் அடியில் ஒளிந்திருக்கும். இதே குழு 2018ல் வெளியிட்ட கணக்கில், சாதாரணமாகக் கிள்ளியபோது கணிசமாக மிச்சமிருந்த கட்டிகளில் 31 சதவீதம் கண்ணில் படாமல் போயின. ஆழமாகக் கிள்ளியபோது 10 சதவீதம். மருந்துக்குப் பிறகு அப்பாவுக்கு எடுத்தது சாதாரண பயாப்ஸிதான் என்று சென்னை டாக்டரே வெளிப்படையாகச் சொன்னார்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். "வாடல் நோய் மாதிரி. மேலே தளிர் விட்டிருக்கும், அடியிலே வேர் அழுகியிருக்கும்" என்றார். நான் வகுப்பில்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம் இருந்தது. சானோ ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சுரப்பி செல் வகைக்காரர்கள். அப்புறம், காத்திருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்ப வந்து, ஆபரேஷன் தேவைப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரயிலேறி, ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் வரும் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க அப்பா தயாராக இல்லை. சென்னையில் வீடும், துணைக்கு ஆளும், அந்த ஆய்வில் செய்த மாதிரி விடாமல் பார்க்கிற குழுவும் இருந்தால் நானே காத்திருக்கலாம் என்று சொல்லியிருப்பேன். முடிவு அப்பாவுடையது. நான் எல்லா எண்களையும் அவர் முன்னால் வைத்தேன், ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

உறவுக்காரர்கள் எல்லாம் "கத்தி பட்டால் பரவிடும்" என்றார்கள். உன் பெரியத்தை அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். முற்றிப்போய் வருகிறவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோவதைப் பார்த்துப் பார்த்து வந்த பேச்சு அது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்பதுதான். அமெரிக்காவில் 2002ல் வந்த கணக்கு ஒன்று, இந்த ஆபரேஷனை எப்போதாவது செய்கிற ஆஸ்பத்திரிகளில் இறப்பு, அடிக்கடி செய்கிற இடங்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் என்கிறது. அவர் கோபப்படவில்லை. எண்ணிக்கையைச் சொன்னார். மார்பைப் பிளக்காமல் துளை போட்டுச் செய்வதாகவும் சொன்னார். அதையும் சரிபார்த்தேன். 2012ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று, மார்பைத் திறந்தவர்களில் 29 சதவீதம், துளை போட்டவர்களில் 9. ஐம்பது வருடம் புகையிலை போட்டு, நடுவில் பீடியும் பிடித்த மனுஷனுக்கு நுரையீரல்தான் பெரிய பயம். ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை வைத்து மூச்சை இழுத்து இழுத்து, மூன்றாவது பந்தும் மேலே ஏறியபோது குழந்தை மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

முந்தின நாள் ராத்திரி தூங்க மாட்டேன் என்றார். நோட்டிலிருந்து டோரக் கதையைச் சொன்னேன். 1913ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரக் என்ற சர்ஜன், 67 வயது அம்மா ஒருவருக்கு மார்பு வழியாக உணவுக்குழாயை எடுத்தார். திரும்ப இணைக்க அப்போது வழி தெரியாது. கழுத்தில் ஒரு ஓட்டை, வயிற்றில் ஒரு ஓட்டை, நடுவில் உடம்புக்கு வெளியே ரப்பர் குழாய். சாப்பிடும்போது அதை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த அம்மா அதை வைத்துக்கொண்டே பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க காப்பி குடிச்சாங்களா?" என்று கேட்டார்.

இப்போது வெளியே குழாய் தேவையில்லை. இரைப்பையையே குழாய் மாதிரி தைத்து மேலே இழுத்துக் கழுத்தில் இணைத்திருக்கிறார்கள். தையல் கசிந்தால் மார்புக்குள் கசிவதைவிடக் கழுத்தில் கசிவது ஆபத்துக் குறைவு. உணவு செலுத்தக் குடலில் போட்டிருந்த பிளாஸ்டிக் குழாயைப் போன வாரம் எடுத்தாயிற்று. ஒரு நாளைக்கு ஆறேழு வேளை, கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடுகிறார். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. தலையணை மூன்று வைத்துச் சாய்ந்துதான் தூக்கம். பதினோரு கிலோ குறைந்திருக்கிறார். இதெல்லாம் கஷ்டம்தான், அது இல்லையென்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

ரிப்போர்ட்டில் 31 நெறிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள், ஒன்றிலும் புற்று இல்லை. கட்டி இருந்த இடத்தில் வெறும் தழும்பு. நீ அதைப் படித்துவிட்டு வீணாக அறுத்துவிட்டோம் என்றாய். நான் அதைப் படித்துவிட்டுப் பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வேறு மாதிரி இருந்தது. நூற்றுக்கு அந்த 49 பேரில் ஒருவரா, மற்ற 51 பேரில் ஒருவரா என்று வைகாசியில் நமக்குச் சொல்ல யாரும் இல்லை. வெட்டி எடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. இன்னும் சில வருடத்தில் வெட்டாமலே நிச்சயமாகச் சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறேன். அந்த ஆராய்ச்சி செய்கிறவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. அப்பாவுக்கு அது கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று ஆதங்கமும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அப்பா உன் போனை எடுப்பதில்லை, உன் மேல் வருத்தம் என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. குரல் போய்விட்டது. குரல்வளையை அசைக்கிற நரம்பு ஒன்று மூளையிலிருந்து நேரே வராது. இடது பக்கம் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, உணவுக்குழாயை ஒட்டியே திரும்ப மேலே ஏறும். ஒட்டகச்சிவிங்கிக்கு இது சில மீட்டர் சுற்று என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள். அதன் பக்கத்தில் இருக்கும் நெறிகளைச் சுத்தமாக எடுக்கும்போது அது அதிர்ந்துவிடும். பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பிவிடும் என்கிறார்கள். அதுவரை காற்று மாதிரித்தான் வரும். உனக்குக் கேட்டால் நீ பயந்துவிடுவாய் என்று அவர் போனை என்னிடமே தள்ளிவிடுகிறார்.

குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று படித்துறை வரை நடந்தே வருவேன் என்கிறார். எலுமிச்சைச் சாதம் இரண்டு கரண்டி தரலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன், காரம் இல்லாமல், நன்றாகக் குழைத்துத் தரலாமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு, உனக்குச் சனிக்கிழமை ராத்திரியாக இருக்கும். நான் போனை அவர் காதில் வைத்துவிடுகிறேன். அவர் சொல்வது கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்க என்று கேட்காதே. நீயே பேசிக்கொண்டிரு, அங்கே என்ன சமைத்தாய், பனி எப்போது ஆரம்பிக்கும் என்று ஏதாவது.

அன்புடன்
அம்மா